அத்தை போன தையல் வகுப்பு

"மாப்பிள்ளை! இது என்ன, தொட்டிக்குள்ள மீன் வளக்கிறீங்களா?"

குளியலறை வாசலில் நின்று அத்தை போட்ட சத்தத்தில், கீழ்வீட்டு அக்கா தன் ரேடியோவின் ஒலியைக் குறைத்தாள். பாட்டு போனாலும் பரவாயில்லை, மேல்வீட்டுச் சண்டையில் ஒரு வார்த்தைகூட வீணாகிவிடக் கூடாது என்பது அவள் கொள்கை.

அத்தையின் கையில் சொட்டச் சொட்ட ஒரு பாட்டில். கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டிக்குள்ளிருந்து எடுத்தது.

"மெதுவா பேசுங்க அத்தை, கட்டடத்துக்கே கேக்குது."

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்! வீட்டோட மாப்பிள்ளையா வந்து உக்காந்துட்டு, தொட்டிக்குள்ள கடை தொறந்து வச்சிருக்கீங்களே, லைசென்ஸ் வாங்கினீங்களா?"

"அது பழசு அத்தை. எப்பவோ வச்சது."

"பழசாம்! யாருகிட்ட விடறீங்க கதை? லேபிள்கூட இன்னும் ஊறல."

மருமகன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் சந்துபொந்துகளைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் சொந்த வீட்டில் அவன் எந்தப் பொந்தில் ஒளித்தாலும் அத்தை கண்டுபிடித்துவிடுவாள். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், வாஷிங் மெஷினின் வயிற்றுக்குக் கீழே, மடக்கிய குடைக்குள், பரணில் சுருட்டி வைத்த கம்பளிக்குள். தேடிக் களைத்து எடுக்கிறவள் என்றால்கூடப் பரவாயில்லை. நேராக நடந்துபோய், தான் வைத்ததைத் தானே எடுப்பதுபோல எடுப்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஊரார் ரகசியமெல்லாம் காதில் விழுந்து பழகியவள், அதனால்தான் இப்படி ஒரு மோப்பம் என்று கட்டடம் தனக்குள் ஒரு விளக்கம் சொல்லி வைத்திருந்தது.

கட்டடத்துக்கு விளங்காத ஒன்று உண்டென்றால் அது அத்தையின் தையல் வகுப்பு. வருஷக்கணக்காக வியாழக்கிழமை மாலையானால் கைப்பையை மாட்டிக்கொண்டு தையல் வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வந்தபின் ஒரு தலையணை உறைகூடத் தைத்து யாரும் பார்த்ததில்லை. சட்டையில் பொத்தான் அறுந்தால் தெருமுனை டெய்லரிடம்தான் போகும். "டீச்சர் சரியில்லை போல" என்று கீழ்வீட்டு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சண்டைக்கு வருவோம். மகள் தலையை வாரி முடித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். கட்டடத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர். கத்தமாட்டாள். அதுதான் அவளிடம் பயம்.

"அம்மா, பாட்டிலைக் கீழ வை. தரையெல்லாம் ஈரம்."

பிறகு கணவனைப் பார்த்தாள். எழுத்துப் பலகையைக் காட்டி 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று கேட்கிற அதே பார்வை.

"பெரிய கடைக்கு என்னை மாத்தியிருக்காங்க. வேற ஊரு. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இனிமே சொல்லப் போறதில்ல. மாசக் கடைசிக்குள்ள நீங்க இதை நிறுத்தல, நான் தனியாத்தான் போவேன்."

"நிறுத்திடறேன்."

இந்த ஒரு வார்த்தையை அவன் பல் தேய்ப்பது மாதிரி தினமும் சொல்லி வந்தவன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நடந்தது வேறு.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மாடியில் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. அந்தப் பூட்டு அப்படி. பூட்டில் கோளாறு இருந்தால், அதைச் சோதிக்க மெக்கானிக் மேலே மெஷின் அறையில் ஒரு சின்ன ஒயர்த்துண்டை மாட்டி, கதவு மூடியிருக்கிறது என்று இயந்திரத்தை ஏமாற்றுவான். வேலை முடிந்ததும் முதல் காரியம் அந்த ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவது. சாப்பிட்டதும் கை கழுவுவது போல, யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அன்று அவன் காலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். நாலாம் மாடிக் கதவின் பூட்டைப் பார்த்தான், லிஃப்ட்டை ஓட விட்டான், மொட்டைமாடி மெஷின் அறையில் ஏறி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். சட்டைப்பை காலியாக இருந்தது அவனுக்கு உறைக்கவில்லை.

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரமும் கண்ணாடியும் சுவரில் மோதி மோதி இறங்கி, அடியில் போய்ச் சிதறுகிற சத்தம்.

நாலாம் மாடிக்கு ஓடி வந்தான். கதவு பாதி திறந்தபடி இருந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுதான் இருந்தது. டீக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு கால் செருப்பு இல்லை. அந்த அலுவலகத்துப் பெண் ஒருத்தி அவர் சட்டைக் காலரை இன்னும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரலைப் பிரிக்கவே அவளுக்கு வரவில்லை.

"லிஃப்ட் நிக்குதுன்னு நினைச்சு... பேசிக்கிட்டே காலை வச்சுட்டேன்ப்பா," என்றார் டீக்காரர், ஏதோ தன் தப்பு மாதிரி. "தட்டு போச்சு. டீ எல்லாம் போச்சு."

அவன் மேலே போய் ஒயரைக் கழற்றினான். பூட்டுக் கோளாறு என்று ஆபீஸுக்குப் போன் செய்தான். யாரும் சந்தேகப்படவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் தட்டு விழுந்துகொண்டே இருந்தது. அடியைத் தொடவே மாட்டேன் என்றது.

அப்போதுதான் அவனுக்கு ஒரு ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. லிஃப்ட்டுக்குள் யார் யாரோ எதை எதையோ ஒட்டிவிட்டுப் போவார்கள். டியூஷன், வீடு மாற்ற வண்டி, மூட்டுவலித் தைலம். அதையெல்லாம் சுரண்டி எடுப்பதும் மெக்கானிக் தலையில்தான். 'குடியை நிறுத்த விரும்புகிறீர்களா?' என்று ஒன்று அடிக்கடி வரும். எத்தனை லிஃப்ட்டில் எத்தனை தடவை அவனே அதைச் சுரண்டி எறிந்திருக்கிறான், அதுவும் ஒரு தனி ரோஷத்தோடு! இப்போது அதே ஸ்டிக்கரைத் தேடி லிஃப்ட் லிஃப்ட்டாக ஏறி இறங்கினான். அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்து வைத்திருந்தான் மகராசன், எங்கேயும் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் ஊரின் மறுகோடியில், ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட்டில், கண்ணாடியின் ஓரத்தில் பாதி கிடைத்தது. அவனுடைய சுரண்டிக் கத்தியின் தடம் அதிலேயே இருந்தது. போன் நம்பர் போயிருந்தது. ஓரத்தில் யாரோ பேனாவால் சேர்த்து எழுதிய 'இதே கட்டடம், மூன்றாம் மாடி, வியாழன் மாலை' மட்டும் பிழைத்திருந்தது.

வியாழக்கிழமை வேலையிலிருந்து அப்படியே போனான். மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் அறை. வாசலில் முழங்கால் வரை தொங்கும் வெள்ளைத் தாடியோடு ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். முழங்கால் என்பது கொஞ்சம் அதிகம், நெஞ்சு வரை. கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

"புதுசா? வாங்க வாங்க. இங்க என்னைக் கப்பல்னு கூப்பிடுவாங்க. சொந்தப் பேரு, உறவுமுறை, சார், மேடம் ஒண்ணும் கிடையாது. பட்டப்பேருதான். உள்ள போங்க, பெப்பர்மின்ட் இருக்காங்க, நாற்காலி போடறாங்க. ரொம்ப வருஷம் தொடாம இருக்கிறவங்க. கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஆனா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா கரையேறிடலாம்."

உள்ளே போனான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள் பெப்பர்மின்ட்.

அத்தை!

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கையிலிருந்த நாற்காலி அவள் கால் மேலேயே விழுந்தது. அவள் வலி என்றுகூடச் சொல்லவில்லை. எதிரெதிரே இருவரும் பிடித்து வைத்ததுபோல நின்றார்கள்.

"என் பின்னாடியே வந்தீங்களா?" என்று அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கதான் எனக்கு முன்னாடியே வந்து பிடிக்க உக்காந்திருக்கீங்களா? தையல் வகுப்பு என்ன ஆச்சு?"

"மெதுவா பேசுங்க மாப்பிள்ளை, எல்லாருக்கும் கேக்குது."

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தை அவள் சொன்னாள்.

அவனுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கப்பல் தாடியோடு வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "என்ன, அறிமுகம் ஆயிடுச்சா? புதுசா வந்தவருக்கு ஒரு பேரு வைக்கணுமே. என்ன வைக்கலாம்?"

"தொட்டின்னு வைங்க," என்றாள் அத்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தொட்டி ஆனான்.

வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு வாத்தியார், பஸ் ஓட்டுகிறவர், பூக்கடை வைத்திருந்த அக்கா தம்பி இருவர். இங்கே கேட்டதும் பார்த்ததும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று கப்பல் சொன்னார். பிறகு முறை சுற்றி அத்தையிடம் வந்தது.

"நான் பெப்பர்மின்ட். நான் ஒரு குடிகாரி."

குடிகாரன் என்ற சொல்லை அவள் வாயால் அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். அதையே அவள் தன்னைப் பார்த்துச் சொன்னதும் அவன் காது அடைத்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிஃப்ட், தூக்கம் வராமல் ஆரம்பித்தது, வாடை தெரியாமல் இருக்கப் பெப்பர்மின்ட் மென்றது என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "ஒளிச்சு வைக்கிற இடம் வீட்ல எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. சிலிண்டர் பின்னாடி, குடைக்குள்ள, ஃப்ளஷ் தொட்டியில. இன்னொருத்தர் அதே இடத்துல கொண்டுபோய் வைக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்? கோபமில்லைங்க. பயம். எடுத்து ஊத்தற வரைக்கும் என்னை நானே நம்பமாட்டேன்."

மோப்பம் இல்லை. அத்தனையும் அவள் பழைய இடங்கள்.

அவன் முறை வந்தபோது டீத் தட்டைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை தரையையே பார்த்தான். அத்தைதான் கேட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல... பெப்பர்மின்ட் அத்தை."

நாக்கு அவ்வளவுதான் வளைந்தது. மாமியாரை எந்த நாக்குதான் மொட்டையாக அழைக்கும்? அறை மொத்தமும் ஒரு கணம் திகைத்து, அப்புறம் புரிந்து, கப்பல் தன் தாடியைக் கொண்டே வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அத்தை அவனிடம் பேசினாள். வீட்டில் அவள் இப்படித் தாழ்ந்த குரலில் பேசி அவன் கேட்டதே கிடையாது.

"அவளுக்கு என்னைப் பத்தித் தெரியாது. அவங்கப்பா, உயிர் போற வரைக்கும் மூடி மறைச்சுட்டாரு. நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

"நான் தொறக்கல. நீங்களும் வீட்ல என்னைத் திட்டறதைக் கொஞ்சம்..."

"அதெப்படி நிறுத்தறது? திடீர்னு நான் உங்ககிட்ட மரியாதையா நடந்துக்கிட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துடாதா? நீங்க அடுத்த பஸ்ஸுல வாங்க."

அப்படித்தான் போனது. வீட்டில் வசவு ஒரு வார்த்தை குறையவில்லை. நடிப்புக்காகத் திட்டுகிறாள் என்று தெரிந்தும் அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவ்வளவு நன்றாக நடித்தாள். பாட்டில் மட்டும் அகப்படவில்லை, வைத்தால்தானே? மனைவியோ அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "புது இடம் கண்டுபிடிச்சிட்டாரு போல. அம்மாவாலயே முடியல," என்றாள்.

இதற்கு நடுவில் அவன் ஆபீஸுக்குப் போய் மேலதிகாரியின் முன்னால் நின்று ஒயர் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர், இனி லிஃப்ட் பக்கம் போகக் கூடாது, ஸ்டோரில் உட்கார் என்றார். வேலையை விட்டுத் துரத்தவில்லையே என்று அவன் ஆறுதல் அடைந்தான். ஆனால் செய்தி நடந்து வராது, பறந்து வரும். கீழ்வீட்டு அக்காவின் நாத்தனார் மகன் அதே ஆபீஸில் இருந்தான். குடித்துவிட்டு ஒரு ஆளைக் குழிக்குள் தள்ளப் பார்த்தாராம் என்ற அளவுக்கு அது வளர்ந்து, அக்காவின் வாய்வழியே கண்ணாடிக்காரியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் வீட்டுக்குள் நுழையும்போது கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. துணிகள் பாதி உள்ளே போயிருந்தன.

"லிஃப்ட்டைத் தொடவே விடறதில்லையாமே உங்களை?"

"நானே போய்ச் சொன்னேன். தப்பு நடந்துச்சு. அன்னிக்குக் குடிச்சிருந்தேன். அதுக்கப்புறம் தொடல."

"தொடல!"

"நிஜமா. வியாழக்கிழமை ஒரு இடத்துக்குப் போறேன். குடியை விட்டவங்க கூடிப் பேசற இடம்."

"யார் பார்த்தா? ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒருத்தர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நம்பறேன்."

"கூட்டிட்டு வர முடியாது. அங்க யாரைப் பார்த்தோம்னு வெளிய சொல்லக் கூடாது."

அவள் சிரித்தாள். "நல்ல வசதியான இடமா இருக்கே!"

அத்தை சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்து ஒரு விரற்கடை திரும்பினாலும் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று ஃப்ரிட்ஜின் கதவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியின் ஜிப் பாதி தூரம் போய்ச் சிக்கியது. மனைவி அதை வெடுக்கென்று இழுத்தாள்.

"நான் பார்த்தேன்," என்றாள் அத்தை.

"நீ எங்க பார்த்த? வியாழக்கிழமை நீ தையலுக்குல்ல..."

"தையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதும்மா. நானும் அங்கதான் போறேன். அவருக்கு முன்னாடியிருந்தே. ஒரு வியாழன்கூட அவர் தவறல."

மகள் ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். "நீ எதுக்குப் போற?"

அத்தை சொன்னாள். அந்த அறையில் சொன்ன அதே ஒற்றை வாக்கியத்தை, அதே குரலில். பெப்பர்மின்ட் என்ற பெயர் மட்டும் இல்லை.

கீழ்வீட்டு ரேடியோ எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"எப்ப?" என்றாள் மகள்.

"நீ பள்ளிக்கூடம் போய்ட்டிருந்தப்ப."

"அப்ப உனக்குத் தலைவலிதானம்மா. சாயங்காலமானா தலைவலி வரும் உனக்கு."

அத்தை கரண்டியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஜன்னலெல்லாம் மூடுவேனே. வெளிச்சம் பட்டா உனக்கு ஆகாதுன்னு. பசங்க விளையாடக் கூப்பிட வந்தா, சத்தம் போடாதீங்கன்னு கையைக் காட்டி அனுப்பிடுவேனே. நெத்தியில போட்ட ஈரத்துணி காஞ்சுடும்னு பக்கத்துலயே உக்காந்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. "தலைவலிக்குக் கண்ணுதான் காரணமா இருக்கும்னு யாரோ சொன்னாங்க. அதுக்காகத்தான்ம்மா நான் கண் படிப்பே படிச்சேன். உனக்குத்தான் முதல்முதல்ல கண்ணாடி போட்டேன். போட்டுக்கிட்டு, 'இப்ப பரவாயில்ல'ன்னு சொன்ன."

"அப்பதான் விட ஆரம்பிச்சிருந்தேன்," என்றாள் அத்தை. "கண்ணாடியாலதான் சரியாச்சுன்னு நீ அவ்வளவு சந்தோஷப்பட்ட. அதைப் போய் எப்படி..."

மாசக்கணக்காக மனைவியின் கோபத்தை எண்ணி நடுங்கியவன் அவன். இப்போது அது அவனைத் தாண்டி, அவன் இருப்பதையே பார்க்காமல், அவன் தோளுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுத்துத் தன் மேல் வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பான்.

மகள் பெட்டியை மூடி நிமிர்த்தி வைத்தாள். "உங்களை நம்பறேன்," என்றாள் கணவனிடம். "நம்பிட்டேன். ஆனா என்னால இந்த வீட்ல இருக்க முடியாது. அந்த ஊருல இந்த மாதிரி கூடிப் பேசற இடம் எங்க இருக்குன்னு முதல்ல விசாரிங்க. விசாரிச்சுட்டு வாங்க."

அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. படியில் பெட்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கிய சத்தத்தைக் கேட்டு, கதவிடுக்கில் நின்றிருந்த கீழ்வீட்டு அக்காவே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அத்தையும் மருமகனும் ஒரே பஸ்ஸில் போனார்கள். கட்டடம் அதையும் பேசத்தான் செய்தது. ஆபீஸில் மறுபடி பரீட்சை வைத்து, முதலில் உதவியாளாக, பிறகு தனியாக அவனை லிஃப்ட் வேலைக்கு விட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் மனைவி இருந்த ஊரில் வேலை தேடிக்கொண்டு, அங்கே ஒரு துணிக்கடை மாடியில் இதே போல ஓர் அறை இருப்பதையும் கப்பல் மூலம் விசாரித்துக்கொண்டு, அவனும் போய்விட்டான்.

கீழ்வீட்டு அக்காவுக்கு, தையல் வகுப்பு என்றால் என்னவென்று நேரில் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவர்கள் அறிவித்த ஒரு நாளில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மறுபடி போனாள். பிஸ்கட் எடுத்து வைக்கிற வேலையைத் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கப்பலும் தனி ஆள், அவளும் தனி ஆள். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். எங்கே சந்தித்தீர்கள் என்று யார் கேட்டாலும் அவள் வாயைத் திறப்பதில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது கட்டடத்துக்குத்தான் தெரியும்.

அந்தக் கல்யாணத்துக்குக் கண்ணாடிக்காரியும் கணவனும் வந்தார்கள். தாயும் மகளும் மண்டபத்தின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். புறப்படும்போது மகள் நடந்து வந்து, "உடம்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அத்தையும் இங்கே இல்லை. வீட்டை ஒரு டிரம் வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மகள் இருக்கும் ஊருக்கே போய், அவள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை மருமகன் வந்து கூட்டிப்போகிறான். வீடு பார்த்து, முன்பணம் கட்டிக் கொடுத்தது மகள்தானாம். அந்த வீட்டுக்குள் அவள் இன்னும் கால் வைக்கவில்லை.